பினாயில் தெளித்த மூன்று பெட்டிகள்

அன்பு மகளுக்கு,

தொழிற்சாலையில் ஸ்பிரிட் சார் என்றும், தோட்டச் சங்கத்தில் செயலாளர் என்றும், உன் அம்மாவால் என்னங்க என்றும், உன்னால் மட்டும் அப்பா என்றும் அழைக்கப்படுகிற நான் இக்கடிதத்தை எழுதும் நோக்கம் இரண்டு. ஒன்று, உனக்கு நன்றி சொல்வது. மற்றொன்று, நீ எடுத்துச் சொல்லியும் நான் செய்யாமல் விட்டிருந்த ஒரு காரியத்தை இன்று மாலை செய்யப்போகிறேன் என்று உனக்குத் தெரிவிப்பது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் பேச்சை மாற்றிவிடுவேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாளில் எழுதினால் அடித்துத் திருத்திய சொல்கூட அப்படியே நிற்கும், தப்பிக்க முடியாது.

இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவின் இடது தோள்வலி குளிர் கூடினால் எட்டிப் பார்க்கிறது, வெயில் வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது. என் ரத்த அழுத்தம் மருத்துவர் விதித்த எல்லைக்குள் நிற்கிறது, காலையும் மாலையும் குறித்து வருகிறேன். பெரியம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது. கோலை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிய மறுநாளே பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் தொடங்கிவிட்டார் என்பதால் பூரண குணம் என்று அறிக. நீயும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, விடியுமுன் போகிற அந்த ரொட்டிக்கூடத்து வேலையில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அடுப்புத் தட்டை ஈரத்துணியால் பிடிக்காதே. ஈரம் சூட்டை நேரே கைக்குக் கடத்தும். கனமான உலர்ந்த கையுறை இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றைப் பூட்டி வை. பூட்டி வைக்காத கையுறை எந்தத் தொழிற்கூடத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்ததாக நான் கண்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வேலை பார்த்த தொலைபேசி நிலையத்தை மூடிய பிறகு அவள் ஏழு மாதம் எப்படி இருந்தாள் என்பதை நாங்கள் உனக்கு முழுவதும் சொல்லவில்லை. சமையலறை ஜன்னலருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாளோ, திரும்பி வரும்போதும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தொன்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள் வாசலில் மணியடித்தால்கூட எழுந்து போகமாட்டாள். அப்போதுதான் தோட்டச் சங்கம் உறுப்பினர்களுக்குப் பயிரிடப் பிரித்துக் கொடுக்கும் நிலத்தில் பதினேழாம் எண் துண்டு காலியாகி, பட்டியலில் அவள் முறை வந்தது. இருபது அடிக்கு முப்பது அடி. யாரோ முன்னொரு காலத்தில் இடித்த கட்டடத்தின் கல்லும் காரையும் கொட்டிய இடம். ஆனாலும் அந்தத் துண்டோடு குழாய்ப் பூட்டின் சாவியும் கைக்கு வந்த நாளிலிருந்து அவள் ஐந்து மணிக்கு எழுந்தாள், தொப்பி வாங்கினாள், அடுத்த துண்டுக்காரர்களோடு வம்பளக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த வம்புச் சத்தமே போதுமானதாக இருந்தது. விளைச்சலைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கவலைப்பட்டிருக்க வேண்டும். ஏனெனில் சங்கத்தின் பன்னிரண்டாவது விதியின்படி, மூன்றாவது பருவத்தின் முடிவில் துண்டின் பாதிப் பரப்பிலாவது பயிர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். அந்த விதியை எழுதியவன் யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “முப்பத்தொரு விதி, நாப்பது துண்டு, ஒரே ஒரு குழாய். நம்ம தோட்டத்துல விதிதான் சார் நல்லா வெளையுது.”

முதல் இரண்டு பருவமும் அம்மா போட்டது எதுவும் நிற்கவில்லை. முளைக்கும், நாலு விரல் உயரம் வரும், பிறகு ஓரம் கருகி உட்கார்ந்துவிடும். எருவும் போட்டாள், அது அந்த மண்ணின் மேல் மேசைமேல் கொட்டியது போல அப்படியே காய்ந்து கிடந்தது. மண்ணைச் சோதனைக்கு அனுப்பினோம். சத்து ஏதோ இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை, சத்தைச் செடிக்கு எடுத்து ஊட்டும் நுண்ணுயிர்கள் இல்லை என்று பதில் வந்தது. அப்போது சங்கத்தில் ஒருவர் ஒரு முறையைச் சொன்னார். கடையில் வாங்கும் கலவை எதுவும் வேண்டாம், அந்தந்த இடத்து மண்ணில் பழகிய நுண்ணுயிர்களையே அழைத்து வந்து பெருக்கலாம். சோற்றை உதிரியாக வடித்து ஆறவைத்து, மரப்பெட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு நிரப்பி, மேலே காற்றுக்கு இடம் விட்டு, வாயைத் தாளால் மூடிக் கட்டி, எலி நுழையாமல் கம்பிவலை போட்டு, பல வருடம் யாரும் தொடாத மரத்தடியில் சருகுக்குள் புதைத்து வைக்க வேண்டும். நாலைந்து நாளில் வெள்ளைப் பூசணம் பஞ்சு போலப் படரும். அதை எடைக்கு எடை நாட்டுச் சர்க்கரையோடு பிசைந்து ஒரு வாரம் வைத்து, பிறகு நீரில் கரைத்துத் தவிட்டில் கலந்து குவித்து, அதன்பின் மண்ணோடு கலந்து நிலத்தில் சேர்க்க வேண்டும். மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் சங்கம் கூடி இதைச் செய்வதென்று தீர்மானித்தது. பெட்டிகளைத் தயாரிக்கும் பொறுப்பு செயலாளருக்கு அளிக்கப்பட்டது. “கிருமியோட குடும்பம் நடத்துறவர் நீங்கதானே சார்” என்று தலைவர் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் பெருமையோடு ஒத்துக்கொண்டேன்.

கிருமியோடு நான் நடத்தியது என்ன குடும்பம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக ஊசி மருந்துக் குப்பிகளின் கிருமிநீக்கப் பிரிவில் என் வேலை, எதுவும் எங்கும் முளைக்காமல் பார்த்துக்கொள்வது. அந்தக் கைகளோடுதான் பெட்டி செய்யப் போனேன். முதல் பெட்டியை பிளீச்சிங் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தேன். காயவைத்து, உள்ளும் புறமும் ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்தேன். சோற்றை முகமூடி கட்டிக்கொண்டு, கையுறையோடு, புதிய கரண்டியால் நிரப்பினேன். குழாய் மோட்டார் அறைக்குப் பின்னால் உள்ள பெரிய மரங்களின் அடியில் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, எறும்பு வராமலிருக்க இரண்டடி வட்டத்துக்குப் பினாயில் தெளித்து, அது காய்ந்த பிறகு பெட்டியை வைத்து, மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் உறையால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். ஏழாம் நாள் திறந்தால் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு பொட்டு இல்லை, ஒரு நூல் இல்லை. உண்மையைச் சொல்வதானால், என் மனத்தில் முதலில் எழுந்தது திருப்தி. இவ்வளவு சுத்தமாக இதுவரை யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அதன் பிறகுதான் நாம் வந்த வேலை வேறு என்பது நினைவுக்கு வந்தது. இரண்டாம் பெட்டிக்குப் பினாயிலைக் கூட்டினேன், முதலில் போதவில்லையோ என்று. மூன்றாம் பெட்டியில் சோறு மஞ்சளாகிக் கொழகொழத்து நாறியது. மூன்று பெட்டிக்கும் சேர்த்து இருபத்தொரு நாள் போயிற்று. தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியது இது: முதல் மூன்று முயற்சிகள் பலிக்கவில்லை, காரணம் தட்பவெப்பநிலை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிட்டாய். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் உன்னிடம் செய்முறையை முதலிலிருந்து கடைசி வரை, ஒன்று விடாமல், ஏறக்குறையப் பாடம் நடத்துவது போலச் சொன்னேன். நீ ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். பினாயில் வந்த இடத்தில் மட்டும் உன் பக்கம் சத்தமே இல்லை, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். பிறகு நீ கேட்டாய்: “அப்பா, விருந்தாளிய வரச்சொல்லிட்டு வாசல்ல விஷத்தைத் தெளிச்சா யாருப்பா வருவாங்க?” உங்கள் ரொட்டிக்கூடத்தில் நீ சேர்ந்த முதல் வாரம், புளித்த மாவை வளர்க்கும் பானையை ஆர்வக்கோளாறில் கொதிநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, பதினோரு வருடம் உயிரோடிருந்த மாவைக் கொன்ற கதையைச் சொன்னாய். உன் தலைமை ரொட்டிக்காரர் திட்டவில்லை, ஒரு நாள் முழுவதும் உன்னைப் பார்த்து “டாக்டரம்மா” என்று மட்டும் கூப்பிட்டார் என்றாய். நீ சிரித்தது அந்த இடத்தில்தான், என் கதையில் இல்லை. அதை நான் கவனித்தேன். மகளே, படித்த படிப்புக்கு மாவு பிசையப் போகிறாயா என்று நான் உன்னைக் கேட்டது உனக்கு நினைவிருக்கும். அதே மாவு கற்றுக்கொடுத்ததை வைத்து நீ என்னைத் தூக்கிவிட்டபோதும் அந்தப் பேச்சைத் திருப்பி என்மீது எறியவில்லை. அதற்கு முதல் நன்றி. போனை வைக்குமுன் நீ சொன்ன கடைசி வாக்கியத்தையும் எழுதிவிடுகிறேன், நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது. “அம்மாகிட்ட மறக்காம சொல்லிடுங்கப்பா, பாவம், அவங்க வேற ஏதாவது நினைச்சுக்குவாங்க.”

நாலாம் பெட்டியை நீ சொன்னபடி செய்தேன். பழைய மேசையின் இழுப்பறை ஒன்று இருந்தது, தூசியைத் தட்டியதோடு சரி. பினாயில் படாத வேறு மரமாகப் பார்த்துச் சருகை ஒரு முழம் விலக்கினேன். கீழே மட்கிய இலைகளில் வெள்ளை நூல்கள் ஓடுவதைக் கண்டேன். அவற்றில் ஒரு பிடியைப் பெட்டியின் பக்கவாட்டில் திணித்து, மறுபடியும் சருகால் மூடி, மழைக்கு மேலே மட்டும் ஒரு தகட்டைச் சாய்த்து வைத்தேன். வெறுங்கையால் செய்தேன் என்பதையும் குறிப்பிட வேண்டும். அன்று இரண்டு முறை கை கழுவப் போய்க் குழாயடியிலிருந்து கழுவாமலே திரும்பி வந்தேன். ஐந்தாம் நாள் காலை அம்மாவும் நானும் தாளைத் தூக்கினோம். பெட்டி முழுவதும் வெள்ளை. பருக்கைகள் தெரியவே இல்லை, அவ்வளவு மென்மையாக, மூச்சு விட்டால் அசைகிற மாதிரி நின்றது. காளான் வாசனையும் லேசான இனிப்பும் கலந்து வந்தது. என் கை தானாக இடுப்புப் பக்கம் போனது. தொழிற்சாலையில் அங்கேதான் எச்சரிக்கை மணியின் விசை தொங்கும். அப்படி ஒரு வெள்ளையைச் சோதனைத் தட்டில் கண்டால் வரிசையை நிறுத்தி, அன்றைய குப்பிகள் அத்தனையையும் அழித்து, பதினாறு பக்க அறிக்கை எழுதியாக வேண்டும். இருபத்தாறு வருடத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, “என்னங்க, யாரையாவது கைது பண்ணப் போறீங்களா?” என்றாள். பிறகு அந்த வெள்ளையைத் தொடாமல் மேலே உள்ளங்கையைக் காட்டி, “வெதுவெதுன்னு இருக்குங்க, குழந்தை தலைமாதிரி” என்றாள். நான் பார்த்தேன், உண்மைதான். இத்தனை வருடம் நான் எதிரியென்று வேலை செய்த கூட்டத்திடம் ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. மண்ணுக்கு உயிர் கொடுக்கப் போகிறவர்கள், கூப்பிட்ட ஐந்தாம் நாள், என் பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் வந்து சேர்ந்திருந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் ஒழுங்காக நடந்தது. சர்க்கரைக் கலவை, தவிட்டுக் குவியல், குவியலின் சூடு ஐம்பது பாகைக்கு மேல் போகாமல் நாளுக்கு இரு முறை வெப்பமானி, சூடு ஏறினால் புரட்டிக் கொடுப்பது. இந்தப் பகுதி எனக்குப் பழகிய வேலை. அம்மா துண்டின் தெற்கு ஓரத்திலிருந்து கலவையைப் பரப்பிக்கொண்டே வந்து, மேலே வைக்கோல் போர்த்தி, கீரையும் அவரையும் முள்ளங்கியும் போட்டாள். மூன்றாம் வாரம் மண்ணில் விரல் நுழைந்தது. அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, மூன்று முறை தோற்றும் மனம் தளராத செயலாளருக்கு நன்றி என்றார். நாற்பது பேர் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன். தீர்மானப் புத்தகம் என் முன்னால்தான் திறந்திருந்தது, பேனாவும் என் கையில்தான் இருந்தது. தட்பவெப்பநிலை என்ற சொல்லை அடித்துத் திருத்த ஒரு நிமிடம் போதும். பிறகு திருத்தலாம் என்று புத்தகத்தை மூடினேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. விளைச்சல் வந்த பிறகு சொன்னால் சிரிப்பாக முடிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிறரிடம் இந்த மாதிரிக் காரணத்தை நான் ஏற்றுக்கொண்டதே கிடையாது.

இன்று காலை பத்து மணிக்குப் பன்னிரண்டாவது விதிப்படியான ஆய்வு நடந்தது. மனைவியின் துண்டைக் கணவன் அளக்கக் கூடாது என்பதால் நான் துண்டின் எல்லைச் சங்கிலிக்கு வெளியே நின்றுகொண்டேன். அளந்தவர் சங்கத்தின் மோட்டாரைப் பழுதுபார்க்கிற பெண், எல்லாரும் எலக்ட்ரீஷியன் அம்மா என்று கூப்பிடுவார்கள். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான், இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். அளக்கும் முறை எளிது. ஓரடிக்கு ஓரடிக் கம்பிச் சட்டத்தைத் துண்டு முழுவதும் வரிசையாக வைத்துப் பார்ப்பது. அறுநூறு கட்டம். இரண்டு இலைக்கு மேல் விட்ட செடி நிற்கும் கட்டம் கணக்கில் சேரும், முளை மட்டும் தெரிகிற கட்டம் சேராது. முந்நூறு வேண்டும். முதலில் எண்ணினார், இருநூற்று எண்பத்து மூன்று வந்தது. அவராகவே மறுபடியும் முழங்காலிட்டு முதலிலிருந்து எண்ணினார், இருநூற்று எண்பத்தேழு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, இன்னொரு வாட்டி எண்ணட்டுமா?” என்று கேட்டார். “வேணாம்மா, நீ எண்ண எண்ண அதுவா முளைக்கப் போவுது?” என்றாள் அம்மா. வடக்குச் சுவரோரம் நாற்பது கட்டங்களுக்கு மேல் அவரை அப்போதுதான் மண்ணைப் பிளந்துகொண்டிருந்தது, கலவை கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் அது. பதினெட்டு இருபது நாள் முன்னால் போட்டிருந்தால் அத்தனையும் கணக்கில் வந்திருக்கும். எலக்ட்ரீஷியன் அம்மா எழுந்திருக்காமல் அங்கேயே ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்து, “போன வருஷம் மோட்டாருக்கு எர்த் கம்பி அடிக்க இதே எடத்துக்கு வந்தேன்க்கா, கம்பியே வளஞ்சுபோச்சு. இப்ப கை மணிக்கட்டு வரைக்கும் போகுது. என்னக்கா பண்ணீங்க?” என்றார். தலைவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், “பதிமூணு கட்டம் சார். பஸ்ஸுல பதிமூணு பேரு நின்னுகிட்டு வந்தா நான் எறக்கியா விட்டேன்? கண்ண மூடிக்குங்க” என்றார். முடியாது என்றேன். “நீங்க மனுஷனா மீட்டரா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா குழாய்ப் பூட்டின் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாவியை மாலைக் கூட்டத்தில் ஒப்படைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்தாள், தொப்பியை ஆணியில் மாட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “உங்க மேல எனக்கு வருத்தமில்லைங்க, விதின்னா எல்லாருக்கும்தான். என் கை ராசி அப்படி. மூணு பெட்டிக்கும் சோறு வடிச்சுக் குடுத்தது நான்தானே. நாலாவதுக்கு நீங்களே வடிச்சீங்க, உடனே பூத்துது.” மகளே, அந்த நிமிடம் வரை இது எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக அவள் இப்படி நினைத்துக்கொண்டு, விதை எதையும் முதலில் தான் தொடாமல், பக்கத்துத் துண்டுக்காரியைக் கூப்பிட்டு ஒரு விதை போடச் சொல்லிவிட்டு மீதியைத் தான் போட்டிருக்கிறாள். நான் அதைக் கண்டும், அக்கம்பக்கத்துச் சிநேகிதம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நீ ஒரே வாக்கியத்தில் சொன்னது இதைத்தான், அத்தனை தூரத்திலிருந்து. அதே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிளீச்சிங், ஸ்பிரிட், பினாயில், பிளாஸ்டிக், நீ பேசியது, புத்தகத்தில் நான் எழுதிய பொய், கைதட்டல், வரிசை மாறாமல் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. “பினாயிலா?” என்றாள். “சோத்தைப் பொதைக்கிற எடத்துலயா?” என்றாள். பிறகு கோபம் வந்தது. வந்தது என்று நான் எழுதுவது நாகரிகம் கருதி. “ரெண்டு மாசமா என் கையை நானே பாத்துப் பாத்து நொந்துகிட்டேன், நீங்க அங்க எழுந்து நின்னு கைதட்டு வாங்கிட்டு வந்தீங்களாக்கும்” என்று தொடங்கி, கல்யாணமான நாளிலிருந்து நான் சரியென்று சாதித்துத் தவறாக முடிந்த ஒன்பது விஷயங்களைத் தேதியோடு சொன்னாள். ஏழு சரி, இரண்டில் தேதி தவறு. ஆனால் அதைச் சொல்லும் வேளை அது இல்லை என்று இந்த வயதில் எனக்கே தெரிந்தது.

அவள் ஓய்ந்த பிறகு பதினான்காவது விதியைச் சொன்னேன். சங்க நிர்வாகி ஒருவரின் தவறால் ஏற்பட்ட தாமதம் உறுப்பினரைச் சேராது. அந்த நிர்வாகி தவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் தானே எழுதி ஒப்புக்கொண்டால், தாமதமான நாட்கள் அந்த உறுப்பினருக்குத் திருப்பித் தரப்படும். பெட்டிகள் சங்கத்தின் பெயரால் செயலாளர் செய்தவை. இருபத்தொரு நாள். சுவரோர அவரைக்கு அது தாராளம். இதைக் கேட்டு அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். “விதிய ஓரமா வைங்க. மொதல்ல என் கையைப் பத்திச் சொல்லுங்க” என்றாள். உன் கையில் எந்தக் குறையும் இல்லை என்றேன். “இங்க என்கிட்ட சொல்லி என்ன, நாப்பது பேருக்கு முன்னாடி சொல்லுங்க. நிலம் கெடச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி” என்றாள். சொல்கிறேன் என்றேன். அவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, “எறும்பு வராம இருக்க...” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கண்ணில் நீர் வந்துவிட்டது, இருமலும் வந்தது, தண்ணீர் கொடுத்தேன். இப்போது அவள் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். நாற்காலியை மடித்து வைத்துவிட்டாள்.

கூட்டத்தார் இருபத்தொரு நாளைத் தருவார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விதி தருகிறது, ஆனால் எலக்ட்ரீஷியன் அம்மாவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, இரண்டு வருடம் காத்தவர் இன்னும் மூன்று வாரம் எதற்குக் காக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அது தவறான கேள்வி ஆகாது. அவரையும் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்பேன். எது முடிவானாலும் அந்த மண் இப்போது உயிரோடு இருக்கிறது, உன் அம்மா சிரித்தாள், இரண்டுக்கும் வழி காட்டியவள் நீ. உன் தலைமை ரொட்டிக்காரருக்கும் என் வணக்கத்தைச் சொல். அவர் உன்னைத் திட்டாமல் விட்டதன் பலன் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல். நீ நீண்ட நாள் நல்ல உடம்போடு, செய்கிற வேலையில் மனம் நிறைந்து, கண்ட தவற்றைக் கனிவோடு எடுத்துச் சொல்லும் இந்தக் குணம் மாறாமல் இருக்க வேண்டுமென்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். உன் குடியிருப்பு அனுமதி முடிய நாலு மாதம்தான் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு முன்பே புதுப்பிக்க மனுக் கொடு, நகல் இரண்டு எடுத்து ஒன்றை எனக்கு அனுப்பு. அடுத்த ஞாயிறு பேசும்போது முதலில் அம்மாவிடம் பேசு. அவளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும், நான் சொல்வதைவிட அவள் சொல்வது நன்றாக இருக்கும்.

மணி நாலே முக்கால். கூட்டம் ஐந்தரைக்கு. இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிட்டு நேரே சங்கத்துக்குப் போகிறேன். தீர்மானப் புத்தகத்தில் தட்பவெப்பநிலை என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் தேதியோடு கையெழுத்திட்டு, அதன் கீழே இப்படி எழுதப்போகிறேன்: முதல் மூன்று பெட்டிகள் கெட்டதற்குக் காரணம் செயலாளர் தெளித்த பினாயில். பதினேழாம் எண் உறுப்பினர் வடித்துக் கொடுத்த சோற்றிலும் அவருடைய கையிலும் எந்தக் குறையும் இருந்ததில்லை. எழுதியதை எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, இரண்டு முறை வாசிக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
அப்பா